காவிரி வெளுத்துப் போன படம்

இது நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே காவிரி மணலில். ஆனால் அது நடந்தபோது நான் அங்கே இல்லை. மஸ்கட்டில் நர்ஸ்கள் தங்கும் குடியிருப்பில், டியூட்டி முடிந்து வந்து, வீங்கிய காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் போனோடு படுத்திருந்தேன். தான் இல்லாத இடத்தில் நடந்ததைப் போய்த் தன் அனுபவம் என்கிறாளே என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் வீடு திருச்சி காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில். கணவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். நான் நர்ஸ். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, சின்னதாக ஒரு மனை வாங்கிக் கடைக்கால் போட்ட நேரத்தில்தான் மஸ்கட் வேலை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். எங்கள் ஒரே பெண் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். “ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் நம்பித்தான் விமானம் ஏறினேன்.

பள்ளி நாட்களில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். அவர் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை, அங்கேயே ரயில்வே குவார்ட்டர்ஸ். என் பெண்ணை அவர்கள் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். தலை பின்னிவிடுவதிலிருந்து வீட்டுப்பாடம் எழுத வைப்பது வரை எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் எனக்குத்தான். துவைத்து உலர்ந்த துணிகளை மடிக்கும்போது நடுவில் ஒரு சின்ன கவுன் இருக்குமா என்று என் கை தானாகத் தேடும். வார்டில் ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைகளைச் சமாதானப்படுத்திவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுத நாட்கள் உண்டு. அவளுடைய தலையை முகர்ந்து பார்க்க வேண்டும்போல் இருக்கும். எண்ணெயும் வெயிலும் கலந்த அந்த வாசனையை எந்தப் போனில் அனுப்புவார்கள்?

நான் போன மறு வருடம் என் கணவர் ட்ரோன் வாங்கினார். இந்தக் காலத்துக் கல்யாணத்தில் அது இல்லாமல் முடியாது. மாப்பிள்ளை அழைப்பை வானத்திலிருந்து எடுக்காவிட்டால் பெண் வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர் கையைப் பழக்கிக்கொள்ள இடம் தேடினார். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் வீட்டுப் பக்கம் பறக்கவிட முடியாது. கோயில்களுக்கு மேலேயும் கூடவே கூடாது. கடைசியில், ஸ்ரீரங்கம் தாண்டி மேற்கே, அவருடைய நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பை ஒட்டி ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்னப் படித்துறை கிடைத்தது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து, பாலக்கரை, காவிரிப் பாலம் வழியாக இருவரும் கிளம்பிவிடுவார்கள். பாப்பாவை மணலில் நிறுத்தி, ட்ரோனை மேலே ஏற்றிப் படம் எடுத்து, அங்கிருந்தே எனக்கு அனுப்புவார்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. பொய் சொல்லக் கூடாது. கிழக்கே எழுந்த சூரியனைப் பார்த்தபடி எடுத்திருப்பார். ஆற்று மணல் பரந்து கிடக்கும், நடுவில் தண்ணீர் ஒரு கோடாக மின்னும், தூரத்தில் பாலம், அதற்கும் அப்பால் மலைக்கோட்டை. என்னோடு அறையில் தங்கியிருந்த மலையாளப் பெண்ணிடம், “பாரு, எங்க ஊர்” என்று பெருமையாக நீட்டுவேன். அவளும் பார்த்துவிட்டு, “ஊர் அழகு சேச்சி. மோள் எங்க?” என்பாள்.

அங்கேதான் சிக்கல். மகள் இருப்பாள், மணலின் நடுவில், கறுப்பாக ஒரு புள்ளி. அதற்குக் கீழே நீளமாக ஒரு நிழல். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கட்டம் கட்டமாக உடைந்து போகுமே தவிர, கண் எது மூக்கு எது என்று தெரியாது. வீடியோ அனுப்பினாலும் அதே கதைதான். கல்யாண வீடியோ மாதிரி பாட்டைப் போட்டு, ட்ரோன் வானத்தில் சுற்றிச் சுற்றி வர, நடுவில் என் பெண் ஒரு கறுப்புக் குச்சி மாதிரி நிற்பாள்.

போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பேசினோம். ஆனால் அந்த வருடம் பாப்பா போனுக்கே வருவதில்லை. நாத்தனார் இழுத்து வந்து முன்னால் நிறுத்துவார். அவளும் போனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, “சாப்டீங்களா? நல்லா இருக்கீங்களா? நான் விளையாடப் போறேன்” என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். போனில் படம் எடுக்கப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். முன்பெல்லாம் என்னை ‘நீ, வா, போ’ என்று அதட்டிக்கொண்டிருந்த பெண். இப்போது தூரத்துச் சொந்தக்காரியிடம் பேசுவது போல ‘ங்க’ போட்டுப் பேசினாள். “மரியாதையா வளர்ந்துட்டா” என்று நாத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த ‘ங்க’ நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. என்னை மறந்துகொண்டிருக்கிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

இதே நேரத்தில்தான் அங்கே ஒப்பந்தம் முடியப் போகிறது, இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க விருப்பமா என்று எங்கள் தலைமை நர்ஸ் கேட்டிருந்தார். வீடு கூரை மட்டத்தில் நின்றது. இன்னொரு இரண்டு வருடம் இருந்தால் முடித்துவிடலாம். கணவரைக் கேட்டால், “உன் இஷ்டம்மா, நீ எது சொன்னாலும் சரி” என்பார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே பிடிக்காது. வா என்று சொன்னால் ஓடி வந்துவிடுவேன், இரு என்று சொன்னால் சண்டை போட்டாவது அழுவேன். இரண்டும் இல்லாமல் உன் இஷ்டம் என்றால் நான் என்ன செய்வது? பாப்பாவுக்கும் நான் தேவையில்லை போலிருக்கிறது, இருந்துதான் தொலைப்போமே என்ற கசப்பில் தலைமை நர்ஸிடம் வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தக் கசப்போடு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு படம் வந்தது. பொன்னாக உருகி ஓடும் தண்ணீர், கோடு போட்டது போலப் பாலம், நடுவில் வழக்கமான கறுப்புப் புள்ளி. எனக்கு வந்ததே கோபம். உடனே போன் போட்டேன்.

“என்னங்க, இதுல பாப்பா எங்க?”

“நடுவுல நிக்கிறாளே, தெரியலையா?”

“நிக்கிறது தெரியுது. அது பாப்பாவா, பனங்கன்னான்னுதான் தெரியல.”

அவர் பொறுமையாக விளக்கினார். தொழில் விஷயம் பேசும்போது மட்டும் அவருக்கு எங்கிருந்தோ பொறுமை வந்துவிடும். சூரியன் எதிரே இருக்கிறதாம். மணலும் தண்ணீரும் கண் கூசும் அளவுக்கு வெளிச்சமாம். கேமரா மொத்தப் படத்தையும் பார்த்து, எங்கே எவ்வளவு வெளிச்சம் என்று கூட்டிக் கழித்துச் சராசரி போட்டுக்கொள்ளுமாம். இவ்வளவு வெளிச்சம் வேண்டாம் என்று அது குறைக்கும்போது, அந்தப் பரப்பில் எறும்பளவு நிற்கும் பாப்பா இருட்டாகிவிடுகிறாளாம்.

“அப்ப வேற வழியே இல்லையா?” என்றேன்.

“இருக்கு. ஸ்பாட் மீட்டரிங்னு ஒண்ணு. திரையில எந்த இடத்துல விரல் வைக்கிறோமோ, அந்த ஒரு இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கும். பாப்பா மேல வச்சா பாப்பா நல்லா தெரிவா. ஆனா ஆறு, வானம் எல்லாம் வெளுத்துப் போயிடும்மா. மலைக்கோட்டையே காணாமப் போயிடும். போட்டோவே கெட்டுடும்.”

“கெட்டா கெட்டுப் போகட்டும்ங்க. வார்டுல இருக்கிறவங்க எல்லாருக்கும் சேர்த்துச் சராசரியா எவ்வளவு காய்ச்சல்னா பார்க்கறோம்? ஒருத்தர் வாயில தெர்மாமீட்டர் வச்சாத்தானே அவருக்கு என்னன்னு தெரியும்? காவிரியை நான் பொறந்ததுலேர்ந்து பார்த்திருக்கேன். பாப்பாவைத்தான் பார்க்கல.”

“சரிம்மா” என்றார்.

அடுத்த ஞாயிறு வந்த படம் இன்னும் மோசம். காவிரியே மசமசவென்று இருட்டிக் கிடந்தது. அன்றைக்கென்று பாப்பா வெள்ளை கவுன் போட்டிருந்தாளாம். இவர் விரலை அதன் மேல் வைத்திருக்கிறார். வெள்ளையைப் பார்த்ததும் கேமரா ‘அப்பாடா, இவ்வளவு வெளிச்சமா’ என்று பயந்து எல்லாவற்றையும் இன்னும் குறைத்துவிட்டது. “கவுன் நல்லா வந்திருக்குங்க, துணிக்கடைக்காரங்க பார்த்தா சந்தோஷப்படுவாங்க” என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உயரத்தில் இருந்தால் விரல் வைக்கும் இடத்தில் கவுனும் மணலும்தான் அகப்படுகின்றன, முகத்தில் மட்டும் வைக்க வேண்டுமானால் ட்ரோனை நன்றாகக் கீழே இறக்க வேண்டும், அடுத்த வாரம் பாருங்கள் மேடம் என்றார். மேடம் என்று அவர் கூப்பிட்டால் உள்ளுக்குள் கொதிக்கிறார் என்று அர்த்தம்.

அந்த அடுத்த வாரம்தான் நான் முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

போன் அடுத்தடுத்து ஒலித்தது. வரிசையாகப் படங்கள். முதல் படத்தைத் திறந்தேன். காவிரி இல்லை. பாலம் இல்லை, மலைக்கோட்டை இல்லை, வானமும் இல்லை. மணல் மொத்தமும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைவெளேரென்று கிடந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில், மாநிறத்தில், நெற்றியில் சாந்துப் பொட்டோடு, தலையை நிமிர்த்திக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பெண்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அறைத்தோழி என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் ஓடி வந்தாள். என் பெண்ணுக்கு முகம் நீண்டிருந்தது. கன்னத்தில் இருந்த குழந்தைச் சதை குறைந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து, அந்த இடத்தில் இன்னொன்று பாதி முளைத்திருந்தது. விழுந்ததே எனக்குத் தெரியாது. நான் அனுப்பிய பச்சைப் பாவாடை முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. விரலால் திரையில் அவள் கன்னத்தைத் தொட்டேன், அது பாட்டுக்கு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டது.

அடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் ஏதோ உறுத்தியது. அதில் அவள் வாய் திறந்திருந்தது. முதல் படத்துக்குத் திரும்பினேன். அதிலும் உதடு குவிந்திருந்தது. அதற்கடுத்ததில் ஒரு கையை நீட்டி, இன்னொரு கையால் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் இடுப்பில் கை வைத்து, யாரையோ மாதிரி முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் படத்தில் கண்ணைப் பெரிதாக விரித்துக்கொண்டு, ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடனே கணவரைக் கூப்பிட்டேன்.

“பாப்பா என்னங்க பேசிட்டிருக்கா?”

“எப்போ?”

“போட்டோ எடுக்கறப்போ. எல்லாப் படத்துலயும் வாய் அசையுதே, பார்க்கலையா?”

“பேசலையேம்மா, சும்மாதான் நிக்கிறா. எனக்கு ஒண்ணும் கேட்கலையே. இது போடற சத்தத்துல பக்கத்துல நின்னாலே காது அடைக்கும். நான் எங்கேயோ நிழல்ல நின்னுக்கிட்டு ரிமோட்டைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறகு குரலை இறக்கி, “இரு, கேட்கறேன்” என்றார்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைக் கூப்பிட்டார். அவர் கேட்டதும் அவள் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

“பாப்பா, அங்க நின்னு யார்கிட்டடா பேசின?”

“அம்மாகிட்ட.”

“அம்மாகிட்டயா?”

“நீதானேப்பா சொன்ன, மேல பார்த்து அம்மாகிட்ட பேசிக்கிட்டே இருன்னு. நான் எல்லா வாரமும் பேசறேன். அம்மாதான் ஒண்ணுத்துக்கும் பதிலே சொல்றதில்ல.”

கல்யாணத்தில் படம் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு மாப்பிள்ளையைச் சும்மா நிற்கச் சொன்னால் மரக்கட்டை மாதிரி விறைப்பார்கள். அதனால், “ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, அப்பதான் படம் இயல்பா வரும்” என்பார்கள். ட்ரோனை முதல்முதலாகப் பறக்கவிட்ட அன்று, பாப்பா குனிந்தே நின்றாளாம். வாய்ப்பழக்கத்தில் இவரும், “மேல பாரு, இது வழியா அம்மா உன்னைப் பார்ப்பா, அம்மாகிட்ட பேசிக்கிட்டே இரு” என்று சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு மறந்தும் போனார். அவள் மறக்கவில்லை. மேலே ஒரு யந்திரம் நின்று தன்னையே பார்க்கிறது, அது தன் படத்தை அம்மாவிடம் கொண்டு போய்ச் சேர்க்கிறது. அப்படியென்றால் பேச்சையும் கொண்டு போய்ச் சேர்க்கும்தானே? ட்ரோனில் சத்தம் பதியாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் பாட்டுப் போட்டு அனுப்பிய வீடியோக்களில் வேறு சத்தம் ஏன் இல்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“போனை அவகிட்ட குடுங்க” என்றேன். வழக்கம்போல ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை.

“அம்மா, நீ ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கற?” என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு ‘நீ’. அதட்டல் அப்படியே இருந்தது.

“என்னடா சொன்ன கண்ணு?”

“எல்லாம் சொன்னேன். பல்லு விழுந்தது, அத்தை வீட்டுப் பூனை குட்டி போட்டது, கணக்கு மிஸ் எப்படித் திட்டுவாங்கன்னு நடிச்சுக்கூடக் காட்டினேன். எப்ப வருவேன்னு கேட்டேன். வாரா வாரம் கேட்டேன். நீ போன்ல வந்து சாப்டியா, படிச்சியான்னு வேற என்னவோ கேட்கற. அதான் நான் உங்கூட டூ விட்டுட்டேன்.”

அவள் என்னை மறக்கவில்லை. கோபித்துக்கொண்டிருந்தாள். வாரா வாரம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, பதில் வராத கோபத்தில், வேற்றாளிடம் பேசுவது போல ஒதுங்கிப் போயிருந்தாள். நானோ ஆற்றையும் கோட்டையையும் அறைத்தோழியிடம் காட்டிப் பெருமை பேசிக்கொண்டு, இவளுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். எல்லாம் கேட்டது, அம்மாவுக்கு நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“அதுக்குக் காது கிடையாதுடா தங்கம். கண்ணு மட்டும்தான். நீ சொன்னது எதுவும் அம்மாவுக்குக் கேட்கவே இல்ல” என்றேன்.

பின்னால் காக்கைச் சத்தமும், தோப்பில் மட்டை உரசும் சத்தமும் கேட்டன. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான் சொன்னதெல்லாம் எங்கம்மா போச்சு?”

நான் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். அறைத்தோழிக்குத் தமிழ் பாதிதான் புரியும். அவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் ஊரில் ஒரு பையன் இருக்கிறான்.

அன்று மதியம் கணவர் திரும்பக் கூப்பிட்டார். பாப்பாவைப் பொன்மலையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தனியாக வந்து பேசினார். அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. “வந்துடும்மா. கூரை வரைக்கும் வந்தாச்சு, மீதியை மெதுவாப் பார்த்துக்கலாம். இவ்வளவு நாளா வான்னு சொன்னா உன் மனசை மாத்தற மாதிரி ஆயிடுமேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். என்னால முடியலம்மா” என்றார். இதைக் கேட்கத்தானே நான் தவம் கிடந்தேன்? மறுநாள் தலைமை நர்ஸின் அறைக்குப் போய், ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று சொன்னேன். அவர் காரணம் கேட்டார். நான் போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர், “படம் சரியாக வரவில்லையே, பின்னால் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது” என்றார்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தேன். திருச்சி விமான நிலையத்து வாசலில் பாப்பா அப்பாவின் இடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை. காட்டூர் போய்ச் சேருவதற்குள் ஆட்டோவில் என் மடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் பல நாள் ஏங்கிய அந்த எண்ணெய் வாசனையில் மூக்கைப் புதைத்துக்கொண்டேன். வீடு இன்னும் முழுசாக முடியவில்லை. ஒரு அறைக்குப் பூச்சு வேலை பாக்கி. எனக்கு இங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது.

வந்த புதிதில் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். கணவரின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய படங்களையெல்லாம் எடுக்கச் சொல்லி, அந்தக் கறுப்புப் புள்ளியை வெளுக்க வைத்து முகத்தைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டேன். அவரும் என் மனம் நோகக் கூடாதென்று உட்கார்ந்து முயன்றார். வெளிச்சத்தை ஏற்ற ஏற்றப் புள்ளி புள்ளியாக மண்ணைத் தூவியது போல ஆனதே தவிர, முகம் வரவில்லை. கேமரா அன்று அளக்காமல் விட்டதை இன்று எதைப் போட்டும் எடுக்க முடியாது என்றார். பாப்பாவிடமே கேட்டுப் பார்த்தேன், அன்றெல்லாம் என்ன சொன்னாய், இப்போது சொல்லேன் என்று. “அதெல்லாம் மறந்து போச்சும்மா” என்றாள். குழந்தைதானே, பூனைக்குட்டியெல்லாம் வளர்ந்து பெரிய பூனையாகிவிட்டது.

போன வருடம் ஆடிப்பெருக்குக்கு அந்தப் படித்துறைக்கே போனோம். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. இங்கே நாங்களும் நாத்தனார் குடும்பமும்தான். மணல் தெரியாமல் காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. படியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காப்பரிசி படைத்து, காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டோம். பாப்பாவுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன். பூஜை முடிந்ததும் கணவர் வழக்கம்போல ட்ரோனை எடுத்தார். “மூணு பேரும் மேல் படியில நில்லுங்க” என்று நாத்தனாரையும் சேர்த்து எங்களை நிறுத்தினார்.

ட்ரோன் இரைச்சலோடு எழுந்து எங்களுக்கு எதிரே நின்றது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பாப்பா அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு முணுமுணுவென்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது இறங்கி அடங்கியதும் கேட்டேன்.

“அதுக்குத்தான் காது இல்லன்னு தெரியுமே பாப்பா, யார்கிட்ட பேசின?”

“உங்கிட்ட இல்லம்மா. முன்னாடி நீ அங்க இருந்தல்ல, அந்த அம்மாகிட்ட.”

“அந்த அம்மாகிட்ட என்ன சொன்ன?”

கையில் ஒட்டியிருந்த காப்பரிசியை நக்கிக்கொண்டே, ஏதோ சாதாரண சமாச்சாரம் போலச் சொன்னாள்.

“நீ வந்துட்டேன்னு சொன்னேன்.”

ஊருக்கு வந்து இத்தனை நாளாகியும், என் பெண் மணலில் நின்று சொன்ன அத்தனையையும் கேட்காமல் போனவள் ஒருத்தி எனக்குள் இன்னும் அந்த மஸ்கட் கட்டிலில் போனோடு ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்; அவளுக்கு இந்த ஒரு சேதியாவது போய்ச் சேர்ந்துவிட்டது.